ஒரே பொழுது, இரண்டு மணி

டிசம்பர் 21ஆம் தேதி ஹபரண்டாவில் சூரியன் மறையும்போது கடிகாரத்தில் பகல் 12.50 ஆகியிருக்கும். பக்கத்து ஊரான டோர்னியோவிலும் அதே நேரத்தில்தான் இருட்டத் தொடங்கும். ஆனால் அங்கே மணி 1.50. ஒரு கடைத்தெருவிலிருந்து இன்னொரு கடைத்தெருவுக்கு நடந்தே போய்விடலாம். ஹபரண்டா ஸ்வீடனின் கிழக்குக் கோடி. டோர்னியோ பின்லாந்தின் மேற்கு ஓரம். இரண்டும் போத்னியா விரிகுடாவின் வடமுனையில், டோர்னியோ ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. டோர்னியோவில் சுமார் 21,000 பேர், ஹபரண்டாவில் அதில் பாதிகூட இல்லை. இரண்டையும் சேர்த்தாலும் நம்மூர்க் கணக்கில் ஒரு பெரிய பேரூராட்சி, அவ்வளவுதான்.

இரண்டு கடிகாரங்களில் எது சரி என்று கேட்டால் சூரியனின் பதில் இரண்டும் இல்லை என்பதே. இரண்டு ஊர்களும் கிழக்குத் தீர்க்கரேகை 24 பாகையை ஒட்டி இருக்கின்றன. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில் இங்கே உண்மையான பொழுது கிரீனிச்சைவிட 1 மணி 36 நிமிடம் முந்தியது. ஸ்வீடனின் கடிகாரம் கிரீனிச்சைவிட 1 மணி நேரம் முந்தியது, பின்லாந்தின் கடிகாரம் 2 மணி நேரம். ஆக ஹபரண்டா கடிகாரம் சூரியனுக்கு 36 நிமிடம் பிந்தி ஓடுகிறது, டோர்னியோ கடிகாரம் 24 நிமிடம் முந்தி ஓடுகிறது. டோர்னியோவின் தவறு 12 நிமிடம் சின்னது. கோடையில் இரண்டு நாடுகளும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும்போது இதுவும் புரண்டுவிடும். அப்போது ஹபரண்டாவின் தவறு 24 நிமிடம், டோர்னியோவின் தவறு 1 மணி 24 நிமிடம். குளிர்காலத்து டோர்னியோ மணிதான் கோடைகாலத்து ஹபரண்டா மணி.

அப்படியானால் இந்தக் கடிகாரங்கள் காட்டுவது என்ன? ஒன்று ஸ்டாக்ஹோமின் மணி, இன்னொன்று ஹெல்சிங்கியின் மணி. அந்த ஊருக்கு எந்தத் தலைநகரம் சொந்தம் என்பதைத்தான் அவை காட்டுகின்றன. இந்த இரண்டு ஊர்களின் குணத்தை ஒப்பிட நினைப்பவர் பிடித்துக்கொள்ள வேண்டிய முதல் இழை அதுவே என்பது என் எண்ணம். எல்லை ஊர்களைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக மொழியிலிருந்தும் நாணயத்திலிருந்தும் தொடங்குவார்கள். இங்கே அவை கலந்துவிட்டன. கடிகாரம் மட்டும் கலக்கவில்லை.

பின்லாந்து ஸ்வீடன் அரசுக்கு உட்பட்டிருந்த காலத்தில், 1621இல் இரண்டாம் கஸ்தாவ் அடோல்ஃப் டோர்னியோவை நகரமாக்கினான். ஆற்றின் நடுவே இருந்த சுயென்சாரி தீவில் வணிகர்கள் குடியேறினார்கள். லாப்லாந்தின் தோலும் சால்மன் மீனும் இந்தத் துறைமுகம் வழியாகத்தான் தெற்கே போயின. 1686இல் கட்டிய மரத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. 1694இல் மன்னன் பதினோராம் கார்ல் இந்த ஊருக்கு வந்து தேவாலய மணிக்கூண்டில் ஏறி நின்று நள்ளிரவுச் சூரியனைப் பார்த்தான். மறு ஆண்டே இரண்டு அறிஞர்களை அனுப்பி அதை ஆராயச் சொன்னான். ஒரு மன்னன் ராத்திரியில் சூரியனைப் பார்க்க நாடு கடந்து வந்தது அந்த ஊர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்.

1736இல் இன்னும் பெரிய கூட்டம் வந்தது. பூமி துருவங்களில் தட்டையா, நீண்டிருக்கிறதா என்ற சண்டையைத் தீர்க்க பிரெஞ்சு அறிவியல் கழகம் மோபெர்துயியின் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. வெப்பநிலை அளவில் பேர் இருக்கும் அந்த செல்சியஸும் குழுவில் இருந்தார். டோர்னியோ தேவாலயத்துக் கோபுரத்தை ஒரு முனையாக வைத்து, வடக்கே கிட்டிஸ்வாரா குன்று வரை முக்கோணம் முக்கோணமாக அளந்து போனார்கள். அடித்தளக் கோட்டை மட்டும் டிசம்பரில், ஆறு உறைந்த பிறகு பனிக்கட்டியின் மேலேயே மரக்கோல்களை வரிசையாகப் போட்டு அளந்தார்கள். சமதளம் வேண்டும்; அந்த மேடுபள்ள நாட்டில் உறைந்த ஆற்றைவிடச் சமதளம் வேறு எது? அங்கே ஒரு பாகையின் நீளம் பாரிஸ் பக்கத்தைவிடக் கூடுதல் என்று தெரிந்தது. பூமி துருவத்தில் தட்டை என்று முடிவாயிற்று. பூமியின் வடிவத்தையும் சூரியனையும் இத்தனை நுட்பமாகப் பார்த்த ஊருக்கு, பின்னால் கடிகாரத்தில்தான் சிக்கல் வந்தது.

சிக்கலைக் கொண்டுவந்தது 1809. ரஷ்யாவிடம் தோற்ற ஸ்வீடன் அந்த ஆண்டு செப்டம்பரில் ஹமினா உடன்படிக்கையில் பின்லாந்தை விட்டுக்கொடுத்தது. டோர்னியோ ஆறும் அதன் கிளையான முவோனியோ ஆறும் எல்லையாயின. பிரதான ஓட்டத்தை எல்லை என்று வைத்திருந்தால் சுயென்சாரி தீவு ஸ்வீடன் பக்கம் வந்திருக்கும். ஆனால் வணிக நகரம் வேண்டும் என்று ரஷ்யா பிடிவாதம் பிடித்தது. அதனால் இந்த ஓர் இடத்தில் மட்டும் கோடு தீவுக்கு மேற்கே வளைந்து, ஆழமில்லாத ஒரு வாய்க்கால் வழியாகப் போயிற்று. பனியுகத்தின் பாரம் நீங்கியதால் அந்தக் கரையில் நிலம் இன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டிருக்கிறது. வாய்க்கால் மெல்லத் தூர்ந்து சதுப்பாகிவிட்டது. ஆற்றால் பிரிக்கப்பட்ட இரட்டை ஊர் என்று சொல்வார்கள். உண்மையில் இவற்றுக்கு நடுவே இருப்பது ஆறு இல்லை, ஒரு காலத்தில் வாய்க்காலாக இருந்த தரை.

டோர்னியோ கை நழுவியதும் ஸ்வீடனுக்கு அந்தக் கோடியில் வணிகத்தளம் இல்லாமல் போயிற்று. ஹபரண்டா என்ற சின்னக் கிராமத்தை 1821இல் வணிக ஊராக்கினார்கள், 1842இல் நகர உரிமை கொடுத்தார்கள். டோர்னியோ பிறந்தது வணிகத்துக்காக. ஹபரண்டா பிறந்தது டோர்னியோ போனதற்காக. இந்த வேறுபாடு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் மறையவில்லை. ஹபரண்டாவின் கட்டடங்களைப் பார்த்தாலே அது தெரியும். 1900இல் கட்டிய நகர விடுதியும் 1918இல் முடிந்த செங்கல் ரயில் நிலையமும் அந்த ஊரின் அளவுக்கு மிஞ்சியவை. எதிர்க்கரைக்காரன் பார்க்கட்டும் என்று கட்டியவை. 1963இல் பழைய தேவாலயம் எரிந்துபோக, 1967இல் செம்புத் தகடு போர்த்திய ஒரு பெட்டி போன்ற தேவாலயத்தை எழுப்பினார்கள். நாட்டிலேயே அழகில்லாத தேவாலயம் என்ற பேரையும் அது சம்பாதித்துக்கொண்டது. டோர்னியோவுக்கு அப்படி எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. அதற்குத் தன் பழைய கோபுரம் போதும், பிறகு தொழிற்சாலைப் புகைக்கூண்டும் வந்தது.

ரயிலும் தந்தியும் வரும்வரை ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வருவதை வைத்தே மணி பார்த்தது. அரசியல் எல்லை வந்து 70 ஆண்டுகள் ஆகியும் இரண்டு ஊர்களுக்கும் பொழுது ஒன்றாகவே இருந்தது. 1879இல் ஸ்வீடன் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று சட்டம் செய்தது. ஸ்டாக்ஹோம் வானியல் மையத்துக்கு மூன்று பாகை மேற்கே உள்ள கோட்டின் நேரம் அது. கிரீனிச்சைவிட 1 மணி 14 நொடி முந்தியது. 1900இல் அந்த 14 நொடியையும் வெட்டி முழு ஒரு மணி ஆக்கினார்கள். பின்லாந்தில் ஹெல்சிங்கியின் சூரிய நேரமே ரயில் நேரமாயிற்று: கிரீனிச்சைவிட 1 மணி 39 நிமிடம் 49 நொடி முந்தியது. 1921 மேயில்தான் பின்லாந்து இன்றைய இரண்டு மணிக் கணக்குக்கு மாறியது.

இதை வைத்துக் கணக்குப் போட்டால் கொஞ்சம் சிரிப்பும் வரும். 1900 முதல் 1921 வரை இரண்டு ரயில் நேரங்களுக்கும் நடுவே 40 நிமிடத்துக்கு 11 நொடி குறைவு. 1916 கோடையில் ஸ்வீடன் போர்க்காலச் சிக்கனத்துக்காக முதன்முறை கோடை நேரம் வைத்துப் பார்த்தது. அந்த மே முதல் செப்டம்பர் வரை ஹபரண்டா கடிகாரம் டோர்னியோவைவிட 20 நிமிடம் முந்தியது. மேற்கே உள்ள நாட்டுக்கு முதலில் மணி அடித்தது அப்போது மட்டும்தான். 1942 கோடையில் பின்லாந்து கோடை நேரம் வைத்தது, ஸ்வீடன் வைக்கவில்லை. வித்தியாசம் 2 மணி. 1980இல் ஸ்வீடன் மறுபடி கோடை நேரத்துக்கு வந்தது, பின்லாந்து அதற்கு மறு ஆண்டுதான் வந்தது. ஆகவே 1980 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இரண்டு ஊர்களிலும் மணி ஒன்று. நூறு ஆண்டுகளில் அப்படி ஒரு முறைதான் நடந்தது, அதுவும் யாரும் திட்டமிடாமல், இரு தலைநகரங்கள் ஒன்றையொன்று கேட்காமல் முடிவெடுத்ததால். சூரியன் அதே இடத்தில்தான் இருந்தது.

40 நிமிட வித்தியாசம் இருந்த காலத்தில்தான் இந்தக் கோடி ஐரோப்பாவின் கழுத்தாக மாறியது. முதல் உலகப் போரில் பால்டிக் கடல் அடைபட்டது, ஜெர்மனி நடுவில் நின்றது. ரஷ்யாவிலிருந்து மேற்கு ஐரோப்பாவுக்குத் தரைவழி என்றால் ஹபரண்டா, டோர்னியோ ஒன்றே. பின்லாந்து ரயில் 1903இலேயே டோர்னியோவுக்கு வந்திருந்தது. ஸ்வீடன் ரயில் அவசர அவசரமாக 1915இல் ஹபரண்டாவைத் தொட்டது. ஆனால் இரண்டு தண்டவாளமும் சேரவில்லை. ஸ்வீடன் தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர், ரஷ்யப் பேரரசின் வழக்கப்படி பின்லாந்தின் அகலம் 1,524 மில்லிமீட்டர். தபால் மூட்டை, மருந்து, ஆள், எல்லாவற்றையும் இறக்கி ஆற்றைக் கடத்தி மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. இரு தரப்பிலும் கை கால் இழந்த போர்க்கைதிகள் பல்லாயிரம் பேர் செஞ்சிலுவைச் சங்கத்தின் கையில் இந்த வழியாகத்தான் மாற்றிக்கொள்ளப்பட்டார்கள். ஒரு சின்னச் சந்தை ஊரில் தூதர்களும் ஒற்றர்களும் வியாபாரிகளும் ஒரே விடுதிக் கூடத்தில் காப்பி குடித்தார்கள்.

1917 ஏப்ரல் 15 அன்று லெனின் ஹபரண்டாவிலிருந்து பனிச்சறுக்கு வண்டியில் ஆற்றைக் கடந்து டோர்னியோவில் இறங்கினார். பெட்ரோகிராட் போகும் அவருடைய நாட்காட்டியில் அது ஏப்ரல் 2. ரஷ்யா அன்று பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. பின்லாந்தோ ரஷ்யாவின் கீழே இருந்தும், ஸ்வீடன் காலத்தில் 1753இல் ஏற்றுக்கொண்ட கிரிகோரியன் நாட்காட்டியை விடவில்லை. ஆகவே டோர்னியோ ரயில் நிலையத்தில் நின்ற ஒருவர், தேதியில் ஸ்வீடனோடும் ஆட்சியில் ரஷ்யாவோடும் மணியில் இருவரோடும் சேராமலும் இருந்தார். அந்த ஊரின் குணத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. எவன் ஆண்டாலும் பழைய வழக்கத்தில் பாதியைக் கையில் வைத்துக்கொள்ளும் ஊர் அது.

1919இல் ரயில் பாலம் வந்தது. அதன் மேல் தண்டவாளம் இரண்டில்லை, நான்கு. ஒன்றுக்குள் ஒன்றாக ஸ்வீடன் சோடியும் பின்லாந்து சோடியும் ஒரே பாலத்தில் கிடக்கின்றன, எந்த நாட்டு ரயிலும் எதிர்க்கரை வரை போகலாம். அகலத்தை ஒன்றாக்க முடியாதபோது இரண்டையும் அருகருகே போட்டுவிட்டார்கள். இந்த ஊர்கள் எல்லாச் சிக்கலையும் இப்படித்தான் தீர்த்துக்கொள்கின்றன.

1944 செப்டம்பரில் லாப்லாந்தில் ஜெர்மன் படைக்கும் பின்லாந்துப் படைக்கும் சண்டை மூளும் என்று தெரிந்ததும் வடபின்லாந்திலிருந்து சுமார் 56,000 பேர் ஸ்வீடனுக்குள் தஞ்சம் புகுந்தார்கள். பலர் மாடுகளை ஓட்டிக்கொண்டு எல்லை ஆற்றைக் கடந்தவர்கள். அக்டோபர் 1 அன்று பின்லாந்துப் படை டோர்னியோவின் ரோய்த்தா துறையில் கரையிறங்கியது, ஒரு வாரம் கடும் சண்டை நடந்தது. ரோவனியெமி சாம்பலானது. டோர்னியோ தப்பியது. நடுநிலை நாட்டின் ஊரான ஹபரண்டா தன் தெருவிலிருந்தபடியே பக்கத்து ஊரின் போரைக் கேட்டது. பஞ்சகாலத்தில் கிராமங்களுக்கு நடுவே வெண்ணெய், காப்பிக்கொட்டை, குதிரை என்று கடத்தல் ஓடியது. அந்தப் பள்ளத்தாக்கில் அதற்கு 'யோப்பாவுஸ்' என்று பேர். சுங்கக்காரரைத் தவிர யாரும் அதைக் குற்றம் என்று நினைத்ததாகத் தெரியவில்லை.

இதற்குப் பிந்திய கதை சேர்த்து வைப்பதன் கதை. 1950களில் நோர்டிக் நாடுகள் தங்களுக்குள் பாஸ்போர்ட்டையும் வேலை அனுமதியையும் நீக்கின. 1987இல் இரண்டு நகராட்சிகளும் ப்ரொவின்சியா போத்னியென்சிஸ் என்ற கூட்டு அமைப்பை உருவாக்கின. 1989இல் இரு ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் மொழிப்பள்ளி ஹபரண்டாவில் தொடங்கியது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஹபரண்டா பக்கம். இரு ஊருக்கும் அது ஒன்றே. தீயணைப்பு வண்டி எல்லையைப் பார்ப்பதில்லை, எது அருகில் இருக்கிறதோ அது வரும். 1995இல் இரு நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. ஹபரண்டா கடைகளில் குரோனரும் செல்லும், யூரோவும் செல்லும். வடிகாலை ஒன்றாக்கிய ஊர்கள் கடிகாரத்தை மட்டும் ஏன் விட்டுவைத்தன? வடிகால் நகராட்சியின் கையில் இருக்கிறது, கடிகாரம் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த ஒரு மணி நேரத்தில் இரு ஊர்களுக்கும் வருமானம் இருக்கிறது.

ஹபரண்டாவில் வீடு, டோர்னியோவின் அவுட்டோகும்பு எஃகு ஆலையில் வேலை என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். காலை 6 மணி ஷிப்ட் என்றால் வீட்டுக் கடிகாரத்தில் 5. நாலேகாலுக்கு எழுந்தால்தான் கட்டுப்படியாகும். 2 மணிக்கு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் மணி ஒன்றேகால். வேலை முடிவதற்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்ட கணக்கு. எதிர்த்திசையில் போகிறவருக்கு நிலைமை வேறு. டோர்னியோவில் வீடு, ஹபரண்டாவில் 8 மணிக்கு வேலை என்றால் அவருக்கு அது 9. நிதானமாகப் புறப்படலாம், ஆனால் மாலையில் வீடு திரும்பும்போது எல்லோரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். கணவன் ஒரு நாட்டிலும் மனைவி இன்னொரு நாட்டிலும் வேலை பார்க்கும் வீட்டில் பிள்ளையை யார் கூட்டி வருவது என்று பேசும்போது ஒவ்வொரு மணிக்குப் பின்னாலும் 'சுவோமி நேரம்', 'ருவோட்சி நேரம்' என்று சொல்லிக்கொள்வார்கள். பின்லாந்து நேரம், ஸ்வீடன் நேரம். சொல்லாமல் விட்டால் ஒருவர் ஒரு மணி நேரம் குளிரில் நிற்க வேண்டும். செல்பேசியும் நம்பத்தகுந்ததல்ல. எல்லையோரத்தில் அது எதிர்க்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு தானாக மணியை மாற்றிவிடும்.

இரண்டு நகராட்சி அலுவலகங்களும் 8 முதல் 4 வரை இயங்குவதாக வைத்தால் இரண்டும் சேர்ந்து திறந்திருப்பது 7 மணி நேரம். பின்லாந்தில் மதியச் சாப்பாடு 11 மணிக்கே தொடங்கிவிடும். ஸ்வீடனில் 12 மணி, அதாவது பின்லாந்துக்கு 1 மணி. இரண்டு சாப்பாட்டு நேரத்தையும் கழித்தால் மிஞ்சுவது 5. கூட்டுத் திட்டங்களின் கூட்டம் எல்லாம் இந்த 5 மணி நேரத்துக்குள் நெருக்கிக்கொள்ள வேண்டும்.

வணிகத்துக்கோ இது வாய்ப்பு. ஒரு கரையில் கடை மூடினால் மறுகரையில் இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி. மாலை 7 மணிக்கு மூடும் ஹபரண்டா கடை டோர்னியோக்காரருக்கு 8 மணி வரை திறந்திருக்கிறது. சட்டமும் கைகொடுத்தது. ஸ்வீடன் 1972இலேயே கடை நேரக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. பின்லாந்து 2016 வரை ஞாயிற்றுக்கிழமையிலும் விடுமுறையிலும் பெரிய கடைகளைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தது. ஞாயிறு வந்தால் பின்லாந்து வண்டிகள் மேற்கே திரும்பின. உதட்டுக்கடியில் அதக்கும் ஸ்னூஸ் புகையிலையை ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க ஸ்வீடனுக்கு மட்டுமே அனுமதி. அந்த ஒரு பொருளுக்காகவே ஹபரண்டாவுக்கு வந்துபோகிறவர்கள் உண்டு. மது விஷயத்தில் ஸ்வீடனின் அரசுக் கடை சனிக்கிழமை 3 மணிக்குக் கதவைச் சாத்தும். அப்போது நேரம் பார்க்காமல் நின்றவர்கள் கிழக்கே போவார்கள்.

இந்த வணிகப் புத்தியின் உச்சம் ஐக்கியா. வேலையில்லாமல் இளைஞர்கள் வெளியேறிக்கொண்டிருந்த காலத்தில் ஹபரண்டா நகராட்சித் தலைவராக இருந்த ஸ்வென்-எரிக் புக்த் ஐக்கியா நிறுவனர் இங்வார் காம்ப்ராடையே நேராக அணுகினார். பத்தாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் பிரம்மாண்டமான அறைகலன் கடையா என்று யாருக்கும் தோன்றும். புக்த் காட்டியது ஊரை அல்ல, எல்லையை. வடபின்லாந்து, வடநார்வே, ரஷ்யாவின் முர்மான்ஸ்க் வரை வாடிக்கையாளர்கள் இருப்பதைக் காட்டினார். 2006 நவம்பரில் கடை திறந்தது. அன்று உலகின் வடக்கத்திய ஐக்கியா அதுதான். 2008இல் டோர்னியோ தன் பக்கத்தில் 'ராயல்லா' என்ற வணிக வளாகத்தைக் கட்டியது. இந்தப் போட்டி நல்ல போட்டி என்று சொல்லலாம். பழைய வாய்க்கால் சதுப்பை இரண்டு கரைகளும் கடை கட்டி நிரப்பின.

இப்போது குணத்துக்கு வருவோம். ஸ்வீடன் நிதானம், பின்லாந்து மௌனம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் பேச்சு இங்கே எடுபடாது. ஹபரண்டாவில் பெரும்பாலோரின் வேர் பின்லாந்து மொழியில் இருக்கிறது. 1888 முதல் அந்தப் பள்ளத்தாக்கில் ஸ்வீடன் அரசு உதவி பெறும் பள்ளிகள் ஸ்வீடிஷ் மொழியில்தான் நடக்க வேண்டும் என்றானது. வீட்டு மொழியைப் பள்ளி முற்றத்தில் பேசினால் தண்டனை. 1950களின் பிற்பகுதியில்தான் அந்தத் தடை நீங்கியது. 2000இல் அந்த வட்டாரப் பேச்சான மெயென்கியெலியை அரசு சிறுபான்மை மொழியாக ஏற்றுக்கொண்டது. ஆக ஹபரண்டாக்காரர் இரண்டு மொழியும் அறிந்தவர், ஆனால் ஒரு மொழியைக் கொஞ்சம் தயங்கிப் பேசக் கற்றுக்கொண்டவர். டோர்னியோக்காரருக்கு அந்தத் தயக்கம் இல்லை. பள்ளியில் ஸ்வீடிஷ் கட்டாயப் பாடம், கடைத்தெருவில் அதற்குத் தேவை குறைவு. எதிர்க்கரைக்காரர் இவர் மொழிக்கு வந்துவிடுவார். பேச்சில் டோர்னியோ வென்றது. பணத்திலும் அதன் ஆலைதான் கனமானது. அருகே கெமியில் கிடைக்கும் குரோமியத் தாதுவை நம்பி 1960களின் இறுதியில் தொடங்கிய அந்தத் தொழில் 1976 முதல் துருப்பிடிக்காத எஃகு வார்க்கிறது. டோர்னியோவின் நடையில் ஷிப்ட் சங்கு இருக்கிறது. ஹபரண்டாவின் நடையில் கடை திறக்கும் சாவி இருக்கிறது. என் கணிப்பில் இரண்டு ஊர்களின் குண வேறுபாடு இனத்தாலோ மொழியாலோ வந்ததல்ல, யார் எதை விற்று வாழ வேண்டியிருந்தது என்பதால் வந்தது.

வித்தியாசமே தெரியாத இடமும் ஒன்று உண்டு. ஊர்களிலிருந்து 15 கிலோமீட்டர் வடக்கே குக்கோலா என்ற பெயரில் இரண்டு கிராமங்கள் எதிரெதிரே இருக்கின்றன, நடுவே மூன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறு பாறையில் அடித்துக்கொண்டு ஓடுகிறது. ஒவ்வொரு கோடைக்கும் மரத்தடிகளை நட்டு, நீருக்கு மேல் பலகைப் பாலம் போலக் கட்டி, அதன் முனையில் நின்று நீண்ட கழியில் கட்டிய கைவலையை ஓட்டத்தோடு வீசி இழுப்பார்கள். வருவது வெள்ளைமீன். நீரோட்டத்தின் சுழியில் இளைப்பாறும் மீனை வலையின் வாய் தேடிப் பிடிக்க வேண்டும். கை உணர்ந்துதான் செய்ய முடியும், கண்ணால் முடியாது. கிடைத்ததைக் கிராமத்துப் பங்காளி வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது பழைய முறை. மீனைக் குச்சியில் குத்தி, உப்பு தூவி, நெருப்போரம் சாய்த்து வாட்டுவார்கள். குளிர்காலப் பனிக்கட்டி மேடையை நொறுக்கிவிடும் என்பதால் பருவம் முடிந்ததும் கழற்றி வைப்பார்கள். இரு கரையிலும் மேடை ஒன்று, வலை ஒன்று, வாட்டும் முறை ஒன்று. ஜூனில் சூரியன் ஏறக்குறைய மறையாத அந்த இரவுகளில் மணி 11 என்றாலும் 12 என்றாலும் மீனுக்கு ஒன்றுதான்.

இந்த ஒரு மணி நேரத்தை விளையாட்டாகவும் ஆக்கிக்கொண்டார்கள். எல்லை மேலேயே ஒரு கோல்ஃப் மைதானம். 18 குழிகளில் 11 ஸ்வீடனில், 7 பின்லாந்தில். ஒரு குழியில் ஒரு நாட்டில் அடித்த பந்து இன்னொரு நாட்டில் விழும், அது ஒரு மணி நேரம் ஆகாயத்தில் இருந்தது என்று கிழக்கே அடித்தவர் சொல்லிக்கொள்ளலாம். ஆண்டின் கடைசி இரவில் பின்லாந்து நேரப்படி 12 அடிக்கும்போது ஒரு வாணவேடிக்கை, ஒரு மணி நேரம் கழித்து ஸ்வீடனுக்கு இன்னொன்று. கூட்டம் ஒன்றே, புத்தாண்டு இரண்டு. சுற்றுலாத் துண்டறிக்கைகள் இதைத்தான் முதலில் அச்சிடுகின்றன.

இந்த இணைப்பெல்லாம் எவ்வளவு மெல்லியது என்பதை 2020 மார்ச் காட்டிவிட்டது. தொற்றுக்காகப் பின்லாந்து எல்லையை அடைத்தது, ஸ்வீடன் அடைக்கவில்லை. இரு ஊர்களுக்கு நடுவே தடுப்பு வேலி வந்தது, உறவினர்கள் அதற்கு இருபுறமும் நின்று பேசிக்கொண்டார்கள். எந்தக் கூட்டு அமைப்பையும் யாரும் கேட்கவில்லை. ஹெல்சிங்கியில் எடுத்த முடிவு, அவ்வளவுதான். முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட நகராட்சி நட்பு ஒரு வாரத்தில் நின்றுபோகும் என்று அதுவரை அங்கே யாரும் கணக்கில் வைத்திருக்கவில்லை.

கடிகாரத்தின் எதிர்காலமும் அப்படித்தான் தீர்மானிக்கப்படும். கோடை நேரத்தை ஒழிக்க வேண்டும் என்று பின்லாந்தில் 70,000க்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட குடிமக்கள் முன்மொழிவு இந்தப் பேச்சை ஐரோப்பிய அளவுக்குக் கொண்டுபோனது. 2019 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒழிப்பதற்கு வாக்களித்தது. உறுப்பு நாடுகளின் அரசுகள் உடன்படாததால் அது அப்படியே கிடக்கிறது. நாளை அது நடந்தால், ஒவ்வொரு நாடும் குளிர்கால நேரமா கோடைகால நேரமா என்று தேர்ந்துகொள்ள வேண்டும். இருவரும் ஒன்றையே தேர்ந்தால் இன்றைய ஒரு மணி வித்தியாசம் நிலைத்துவிடும். பின்லாந்து குளிர்கால நேரத்தையும் ஸ்வீடன் கோடைகால நேரத்தையும் எடுத்தால் இரு ஊர்களுக்கும் மணி என்றைக்கும் ஒன்றாகிவிடும், கணக்குப்படி சூரியனுக்கு நெருக்கமான ஏற்பாடும் அதுதான். மாற்றி எடுத்தால் வித்தியாசம் 2 மணியாகி, கூட்டுக் கூட்டங்களுக்குக் கிடைக்கும் 5 மணி நேரமும் சுருங்கும். ஸ்டாக்ஹோம் தன் முடிவை கோபன்ஹேகனையும் பெர்லினையும் பார்த்து எடுக்கும். ஹெல்சிங்கி டாலினையும் ரீகாவையும் பார்க்கும். டோர்னியோவும் ஹபரண்டாவும் சேர்ந்து 30,000 பேர், இரண்டு தலைநகரங்களின் கணக்கிலும் அவர்கள் வரிசையில் வெகு பின்னால் நிற்கிறார்கள்.